நொதியால் மாற்றியமைக்கப்பட்ட தாவரக் கொழுப்புகள்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் உள்ள கூடலூரில், அதிகாலையில் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் புறப்படுவோர் பலருக்கு அன்றைய முதல் உணவு தேநீரும் பன்னும், அல்லது பப்ஸும் வடையும்தான். இவர்களுள் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் மாதந்தோறும் மாத்திரை பெறுவோரும் உண்டு. உணவுமுறை பற்றிப் பேசும்போது, சிலர் பிஸ்கட் உறையையே எடுத்து வந்து காட்டுகின்றனர். "டாக்டர், இதுல டிரான்ஸ் ஃபேட் இல்லன்னு போட்டிருக்கு. அப்பச் சாப்பிடலாம்ல?" என்பது அவர்களுடைய கேள்வி.

அக்கேள்விக்கு விடையளிப்பதே இப்பக்கத்தின் நோக்கம். டிரான்ஸ் கொழுப்பு நீக்கப்பட்ட உணவுகளில் அதற்கு மாற்றாக என்ன சேர்க்கப்படுகிறது, அது எவ்வாறு உருவாக்கப்படுகிறது, உங்கள் உடல்நலத்தில் அதனால் ஏற்படும் விளைவு என்ன என்பவை இங்கு விளக்கப்படுகின்றன.

சுருக்கமாக

• பழைய முறையில் எண்ணெயைக் கெட்டிப்படுத்தியபோது டிரான்ஸ் கொழுப்பு உருவானது. இது மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பைக் கூட்டுகிறது.
• நொதிகளைக் கொண்டு, டிரான்ஸ் கொழுப்பு உருவாகாமலேயே எண்ணெயைக் கெட்டிப்படுத்த இயலும். இது நல்ல முன்னேற்றம்.
• ஆனால் இம்முறையில் நிறைவுற்ற கொழுப்பும் கலோரியும் குறைவதில்லை. எனவே "டிரான்ஸ் கொழுப்பு இல்லை" என்ற அறிவிப்பை, அளவின்றி உண்பதற்கான அனுமதியாகக் கொள்ளக் கூடாது.
• உணவை மாற்றியதாலேயே மாத்திரையை நிறுத்தக் கூடாது.

கொழுப்பின் அமைப்பு

சமையல் எண்ணெய், நெய், வனஸ்பதி ஆகிய அனைத்தும் அடிப்படையில் ஒரே அமைப்பைக் கொண்டவை. கிளிசரால் என்னும் சிறிய மூலக்கூறு ஒன்றில், மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்திருக்கின்றன. மூன்று கொக்கிகள் உள்ள ஒரு சட்டத்தில் மூன்று சங்கிலிகள் தொங்குவதாக இதனைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

இச்சங்கிலிகள் இரு வகைப்படும். நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் நேரானவை. அவை நெருக்கமாக அடுங்குவதால் அறை வெப்பநிலையில் கெட்டியாக இருக்கும். நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் வளைந்தவை. அவை நெருங்கி அடுங்க இயலாததால் திரவமாக இருக்கும். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் எளிதில் உறையாமல் இருப்பதற்கும், தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைவதற்கும் இதுவே காரணம். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு ஆகும்.

பேக்கரித் தொழிலுக்குக் கெட்டியான கொழுப்பு தேவைப்படுகிறது. பப்ஸ் அடுக்கடுக்காகப் பிரிவதற்கும், பிஸ்கட் மொறுமொறுப்பாக இருப்பதற்கும், கேக்கின் மேலுள்ள கிரீம் உருகாமல் நிற்பதற்கும் திரவ எண்ணெய் உதவாது. வெண்ணெயோ விலை மிகுந்தது. விலை குறைந்த தாவர எண்ணெயைக் கெட்டிப்படுத்தும் முறைகள் இத்தேவையிலிருந்து தோன்றின.

வனஸ்பதியும் டிரான்ஸ் கொழுப்பும்

ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன் 1902-ஆம் ஆண்டில் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். நிக்கல் உலோகத்தின் துணையுடன் எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால், வளைந்த சங்கிலிகள் நேராகி, எண்ணெய் கெட்டியாகும். இதுவே ஹைட்ரஜனேற்றம் எனப்படுகிறது. இம்முறையில் உருவான வனஸ்பதி, 1937-ஆம் ஆண்டில் 'டால்டா' என்னும் பெயரில் இந்தியச் சந்தைக்கு வந்தது. காலப்போக்கில் எந்த நிறுவனத்தின் வனஸ்பதியையும் மக்கள் டால்டா என்றே அழைக்கலாயினர்.

ஹைட்ரஜனேற்றத்தை முழுமையாகச் செய்தால் கொழுப்பு மெழுகைப் போல் கடினமாகிவிடும். ஆகவே அது பாதியில் நிறுத்தப்பட்டது. அவ்வாறு நிறுத்தும்போது, சில சங்கிலிகள் நிறைவுறாதவையாகவே இருந்தும் வளைவை இழந்து நேராகிவிடுகின்றன. இவையே டிரான்ஸ் கொழுப்பு அமிலங்கள்.

இவற்றின் தீங்கு பல ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. டிரான்ஸ் கொழுப்பு, இரத்தத்தில் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டுவதோடு, எச்.டி.எல். எனப்படும் நல்ல கொலஸ்டிராலைக் குறைக்கவும் செய்கிறது என்று 1990-ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். நாள்தோறும் பெறும் மொத்த ஆற்றலில் 2 விழுக்காடு டிரான்ஸ் கொழுப்பிலிருந்து கிடைத்தால், இதயத் தமனி நோய் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 23 விழுக்காடு உயர்கிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான கட்டுரை மதிப்பிட்டது. டிரான்ஸ் கொழுப்பால் உடலுக்கு எந்த நன்மையும் இல்லை.

இந்தியாவில் நடைமுறையில் உள்ள வரம்பு

தொழில்முறையில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பை உணவிலிருந்து நீக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2018-இல் எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், எண்ணெய் மற்றும் கொழுப்புகளில் 5 விழுக்காடாக இருந்த உச்சவரம்பை 2021-இல் 3 விழுக்காடாகவும், 2022 ஜனவரி 1 முதல் 2 விழுக்காடாகவும் குறைத்தது. எண்ணெயும் கொழுப்பும் சேர்த்துத் தயாரிக்கப்படும் உணவுகளுக்கும் இந்த 2 விழுக்காட்டு வரம்பு பொருந்தும். பால், இறைச்சி ஆகியவற்றில் இயற்கையாக உள்ள சிறிதளவு டிரான்ஸ் கொழுப்பு இக்கணக்கில் சேராது.

உணவகங்களும் பேக்கரிகளும் பயன்படுத்துவதற்கான 'டிரான்ஸ் ஃபேட் ஃப்ரீ' என்னும் இலச்சினை, 2019 அக்டோபரில் சென்னையில் நடைபெற்ற சமையல் கலைஞர்கள் மாநாட்டில் அறிமுகப்படுத்தப்பட்டது.

இவ்வரம்பின் பயனை ஓர் எளிய கணக்கால் உணரலாம். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர் 2.2 கிராமுக்குக் குறைவாகவே டிரான்ஸ் கொழுப்பு உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 20 விழுக்காடு டிரான்ஸ் கொழுப்புள்ள வனஸ்பதியை 30 கிராம் உண்டால், 6 கிராம் டிரான்ஸ் கொழுப்பு உடலில் சேரும். 2 விழுக்காடு மட்டுமே உள்ள கொழுப்பை அதே அளவு உண்டால் 0.6 கிராம்தான் சேரும்.

நொதி என்ன செய்கிறது?

நாம் உண்ணும் எண்ணெயைச் செரிப்பதற்காக, நமது கணையம் லைப்பேஸ் என்னும் நொதியைச் சுரக்கிறது. அது கிளிசரால் சட்டத்திலிருந்து கொழுப்பு அமிலச் சங்கிலிகளைக் கழற்றுகிறது. தண்ணீர் மிகக் குறைவாக உள்ள சூழலில், இதே வகை நொதி கழற்றிய சங்கிலிகளை வேறு சட்டங்களில் மாற்றி மாட்டவும் செய்யும். தொழிற்சாலைகள் இப்பண்பைப் பயன்படுத்துகின்றன.

முதலில், கெட்டியான கொழுப்பு ஒன்றும் திரவ எண்ணெய் ஒன்றும் கலக்கப்படுகின்றன. கெட்டிக் கொழுப்பு பெரும்பாலும் பாமாயிலின் கெட்டிப் பகுதியாகவோ, முழுமையாக ஹைட்ரஜனேற்றம் செய்யப்பட்ட எண்ணெயாகவோ இருக்கும். ஹைட்ரஜனேற்றம் முழுமையடைந்துவிட்டால் டிரான்ஸ் கொழுப்பு ஏறக்குறைய மிஞ்சுவதில்லை. பின்னர் இக்கலவை, லைப்பேஸ் பதிக்கப்பட்ட நுண்மணிகள் நிரம்பிய உருளை வழியாக ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செலுத்தப்படுகிறது. அங்கே இரு கொழுப்புகளின் சங்கிலிகளும் இடம் மாறிக்கொள்கின்றன. அதன் பயனாக, மிகக் கடினமாகவும் இல்லாமல், திரவமாகவும் இல்லாமல், பேக்கரிக்கு ஏற்ற பதத்தில் ஒரு கொழுப்பு கிடைக்கிறது.

இவ்விடமாற்றத்தைச் சோடியம் மெத்தாக்சைடு என்னும் வேதிப்பொருளைக் கொண்டும் செய்யலாம். அம்முறையில் சங்கிலிகள் ஒழுங்கின்றி இடம் மாறும்; வேதிப்பொருளைக் கழுவி நீக்க வேண்டும்; எண்ணெயில் ஒரு பகுதி சோப்பாகி வீணாகும். நொதி முறையில் இக்குறைகள் குறைவு. மேலும் சிலவகை லைப்பேஸ்கள் முதல், மூன்றாம் கொக்கிகளில் உள்ள சங்கிலிகளை மட்டும் மாற்றி, நடுக்கொக்கியைப் பெரும்பாலும் தொடாமல் விடுகின்றன.

எது மாறுகிறது, எது மாறுவதில்லை?

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுவே. நொதி சங்கிலிகளின் இடத்தை மாற்றுகிறதே தவிர, சங்கிலிகளையே மாற்றுவதில்லை. கலவையில் 50 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு சேர்க்கப்பட்டிருந்தால், முடிவில் கிடைக்கும் கொழுப்பிலும் அதே 50 விழுக்காடு இருக்கும். கலோரியும் அவ்வாறே. ஒரு கிராம் கொழுப்பு எதுவாயினும் அது தருவது 9 கலோரி.

ஆகவே, இக்கொழுப்பு உங்களுக்கு எவ்வளவு ஏற்றது என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது அதில் கலக்கப்பட்ட எண்ணெய்கள்தாம். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தேங்காய் எண்ணெயுடன் தவிட்டு எண்ணெயையும் நல்லெண்ணெயையும் தனித்தனியே சேர்த்து, வெறுமனே கலந்தும், லைப்பேஸால் மாற்றியமைத்தும் எலிகளுக்கு அளித்தனர். 2007-இல் வெளியான அவ்வாய்வில், தேங்காய் எண்ணெய் மட்டும் உண்டவற்றைவிட, கலந்த எண்ணெயையும் மாற்றியமைத்த எண்ணெயையும் உண்ட எலிகளுக்கு இரத்தக் கொலஸ்டிரால் குறைவாக இருந்தது. நிறைவுறாக் கொழுப்பின் பங்கு கூடியதே இதன் அடிப்படை. எனினும் எலிகளில் கண்ட முடிவை அப்படியே மனிதருக்குப் பொருத்துதல் கூடாது.

மனித ஆய்வுகள் கூறுவது

டிரான்ஸ் கொழுப்பை விட, மாற்றியமைக்கப்பட்ட கொழுப்பு மேலானது என்பதில் மருத்துவத் துறையில் ஐயமில்லை. அது முற்றிலும் தீங்கற்றதா என்பது வேறு கேள்வி. மலேசியாவில் 30 தன்னார்வலர்களிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், மாற்றியமைக்கப்பட்ட கொழுப்பு உண்ட நான்கு வாரங்களில் வெறும்வயிற்றுச் சர்க்கரை அளவு உயர்ந்தது. பின்னர் பாமாயிலை அடிப்படையாகக் கொண்ட கொழுப்புகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. இவ்வாய்வுகள் சில வாரங்களே நீடித்தவை. பல ஆண்டுகள் தொடர்ந்து உண்பதன் விளைவை அவற்றைக் கொண்டு தீர்மானிக்க முடியாது.

எச்சரிக்கை ஏன் தேவை என்பதற்கு ஜப்பான் ஓர் எடுத்துக்காட்டு. லைப்பேஸைப் பயன்படுத்தித் தயாரிக்கப்பட்ட 'எகோனா' என்னும் சமையல் எண்ணெய், உடலில் கொழுப்புச் சேர்வதைக் குறைக்கும் என்ற அறிவிப்புடன் 1999-இல் அங்கு விற்பனைக்கு வந்தது. அதில் கிளைசிடால் எஸ்டர் என்னும் விரும்பத்தகாத பொருள் மிகுதியாக இருப்பது தெரியவந்ததால், 2009-இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. அப்பொருள் உருவானது நொதியால் அன்று. எண்ணெயின் மணத்தை நீக்குவதற்காக மிகுந்த வெப்பத்தில் சுத்திகரித்தபோதே அது உருவானது. ஒரு கொழுப்பை மதிப்பிடும்போது அதன் தயாரிப்பின் எல்லாக் கட்டங்களையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

எனவே சர்க்கரை நோயாளிகளும் இதய நோயாளிகளும் இக்கொழுப்பு அடங்கிய உணவை அன்றாட உணவாகக் கொள்ளாமல், எப்போதாவது சிறிதளவு உண்பதே முறை.

உறையை எவ்வாறு படிப்பது?

1. முதலில் பொருள்களின் பட்டியலைப் பாருங்கள். 'இன்டர்எஸ்டெரிஃபைடு வெஜிடபிள் ஃபேட்' என்றிருந்தால், அது இப்பக்கத்தில் விளக்கிய மாற்றியமைக்கப்பட்ட கொழுப்பு. அது நொதியால் செய்யப்பட்டதா, வேதிப்பொருளால் செய்யப்பட்டதா என்பதை இச்சொல் கூறாது. 'பார்ஷியலி ஹைட்ரஜனேட்டட்' என்றிருந்தால், அது பாதியளவு ஹைட்ரஜனேற்றம் செய்யப்பட்டது. அதனைத் தவிருங்கள்.

2. அடுத்து ஊட்டச்சத்து அட்டவணையில் 'டிரான்ஸ் ஃபேட்' வரியைப் பாருங்கள். 100 கிராம் உணவில் 0.2 கிராமுக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே 'டிரான்ஸ் ஃபேட் ஃப்ரீ' என்று அறிவிக்கலாம்.

3. அத்துடன் நின்றுவிடாமல் 'சாச்சுரேட்டட் ஃபேட்' வரியையும் படியுங்கள். நிறைவுற்ற கொழுப்பின் அளவு அங்கே தரப்பட்டிருக்கும்.

எடுத்துக்காட்டாக, 100 கிராம் பிஸ்கட்டில் மொத்தக் கொழுப்பு 22 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 11 கிராம், டிரான்ஸ் கொழுப்பு 0 என்று அச்சிடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். நீங்கள் 50 கிராம் உண்டால் 5.5 கிராம் நிறைவுற்ற கொழுப்பு கிடைக்கும். 2000 கலோரி உண்பவருக்கு நாள் முழுவதற்கும் உரிய உச்ச அளவு ஏறத்தாழ 22 கிராம்தான். அதில் கால் பங்கு, ஒரு வேளைத் தேநீருடனேயே முடிந்துவிடுகிறது. இதய நோயாளிகளுக்கு இவ்வளவைவிடக் குறைவாகவே மருத்துவர் பரிந்துரைக்கலாம்.

உறையில்லாத உணவுகள்

தேநீர்க் கடையின் பன், பப்ஸ், வடை, மிக்சர், பரோட்டா ஆகியவற்றுக்கு உறையும் இல்லை, அட்டவணையும் இல்லை. இவற்றில் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, சேர்க்கப்படும் கொழுப்பு. வழக்கமாகச் செல்லும் கடையில் எந்த எண்ணெய் அல்லது வனஸ்பதி பயன்படுத்தப்படுகிறது என்று கேட்பதில் தவறில்லை. சில்லறையாக, பெயரும் விவரமும் இல்லாமல் விற்கப்படும் வனஸ்பதியை வீட்டுக்கு வாங்காதீர்கள்.

இரண்டாவது, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய். எந்த எண்ணெயாயினும் பலமுறை காய்ச்சினால் தீங்கான சேர்மங்கள் உருவாகின்றன. இவற்றின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. எண்ணெய் கறுத்து, பிசுபிசுத்து, நுரை தள்ளி, புகை எழுந்தால் அதனைத் தவிர்க்க வேண்டும். வீட்டிலும் பொரித்த எண்ணெயை மீண்டும் பொரிக்கப் பயன்படுத்தாமல், வடிகட்டி ஓரிரு நாள்களுக்குள் தாளிக்கப் பயன்படுத்தித் தீர்ப்பது நல்லது.

கடைகள் குறித்த புகார்களை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திற்கோ, 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலி வாயிலாகவோ தெரிவிக்கலாம்.

நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் அறிவுரை

• வீட்டுச் சமையலுக்குக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தவிட்டு எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றை மாற்றி மாற்றி அளவோடு பயன்படுத்துங்கள். நியாய விலைக் கடையில் கிடைக்கும் பாமாயிலில் டிரான்ஸ் கொழுப்பு மிகக் குறைவு. ஆனால் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு. அதனை மட்டுமே முழு எண்ணெயாகக் கொள்ளாதீர்கள்.
• மாதத் தொடக்கத்திலேயே குடும்பத்திற்குரிய எண்ணெயை அளந்து தனிக் கலத்தில் வைத்துக்கொண்டால், செலவாகும் அளவு தெரியும்.
• வேலைக்குச் செல்பவர் அதிகாலையில் வெறும் வயிற்றுடன் கிளம்பினால், வழியில் கிடைப்பதையே உண்ண நேரும். முந்தைய இரவே அவித்த கடலையோ சுண்டலோ எடுத்துவைத்து, காலையில் இரண்டு இட்லியுடன் கொடுத்து அனுப்புவது, அறிவுரை கூறுவதைவிடப் பயன் தரும்.
• நோயாளிக்கு மட்டும் தனிச் சமையல் என்பது நீடிப்பதில்லை. குடும்பம் முழுவதும் ஒரே உணவுமுறைக்கு மாறுவதே எளிது.
• இன்சுலின் அல்லது சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்கள், பன்னையும் பிஸ்கட்டையும் நிறுத்தும்போது உணவு வேளையையே தவிர்த்துவிடக் கூடாது. சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்ந்துவிடும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்நொதி விலங்குகளிலிருந்து எடுக்கப்படுகிறதா?
எண்ணெய்த் தொழிலில் பயன்படும் லைப்பேஸ்கள் பெரும்பாலும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கப்படுகின்றன. நொதி மணிகள் உருளையிலேயே தங்கிவிடும். அவை உணவுப் பொருளாகச் சேர்க்கப்படுவதில்லை.

வீட்டில் இரண்டு எண்ணெய்களைக் கலந்தால் இதே பயன் கிடைக்குமா?
கலப்பதால் சங்கிலிகள் இடம் மாறுவதில்லை. ஆனால் உங்களுக்கு அந்த இடமாற்றம் தேவையும் இல்லை. அது கெட்டிப் பதத்திற்காகச் செய்யப்படுவது. வீட்டுச் சமையலுக்குத் திரவ எண்ணெயே போதுமானது.

வனஸ்பதிக்குப் பதிலாக நெய் சேர்க்கலாமா?
நெய்யில் பாதிக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு உள்ளது. சுவைக்காகச் சிறிதளவு சேர்க்கலாம். வனஸ்பதி இருந்த இடத்தை அதே அளவு நெய்யால் நிரப்பக் கூடாது.

நோயாளிகளுக்கெனத் தனியாக உருவாக்கப்படும் கொழுப்புகள் உண்டா?
உண்டு. கணைய நோய், நிணநீர்க் கசிவு போன்ற நிலைகளில், எளிதில் உறிஞ்சப்படும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பை மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. தாய்ப்பாலில் பால்மிட்டிக் அமிலம் பெரும்பாலும் நடுக்கொக்கியில் அமைந்திருக்கும். அதனை ஒத்த கொழுப்பை நொதியால் உருவாக்கிச் சில குழந்தைப் பால் மாவுகளில் சேர்க்கின்றனர். ஆயினும் முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலே சிறந்த உணவு. மேற்கூறிய எதனையும் மருத்துவ ஆலோசனையின்றி வாங்காதீர்கள்.

டிரான்ஸ் கொழுப்பை முற்றிலும் நிறுத்திவிட்டேன். கொலஸ்டிரால் மாத்திரையை நிறுத்தலாமா?
கூடாது. உணவு மாற்றமும் மாத்திரையும் ஒன்றுக்கு ஒன்று துணை நிற்பவை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களும், ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்களும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவரே அளவைக் குறைப்பார் அல்லது தொடரச் சொல்வார்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, இடக்கை, தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி, காரணமின்றி மிகுந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் களைப்பும் வியர்வையும் மட்டும் தோன்றக்கூடும். வாயுத் தொல்லை என்று எண்ணிச் சோடா குடித்துக் காத்திராதீர்கள். தோட்டத்திலோ வழியிலோ அறிகுறி தோன்றினால், வேலை முடியும்வரை பொறுத்திருக்க வேண்டாம். உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். உணவு, மருந்து பற்றிய பொதுவான ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

அடுத்த முறை மாத்திரை பெற வரும்போது, வீட்டில் வழக்கமாக வாங்கும் பிஸ்கட்டின் உறையையும் எண்ணெய்ப் பொட்டலத்தின் உறையையும் எடுத்து வாருங்கள். உங்கள் நோய்க்கு எந்த அளவு ஏற்றது என்பதை உங்கள் மருத்துவருடன் சேர்ந்து முடிவு செய்யலாம்.